முள் கத்திரிக்காய் வராத காலை

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருந்த விவசாயிகள் சங்கக் கிடங்கை சகினாதான் பார்த்துக்கொண்டாள். அதற்கு முன் கோயம்பேட்டில் ஒரு மண்டியில் பில் போடும் வேலை. மூட்டையோடு வந்த விவசாயிகள் தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்திருந்தவள், வேலூர்ப் பக்கத்துச் சங்கம் கூப்பிட்டதும் வந்துவிட்டாள். தி.நகர், அடையாறு என்று ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி அவர்களுடைய முள் கத்திரிக்காய்க்கு ஆள் பிடித்தாள். எளிதில் மசியாதவர் ராயப்பேட்டை சமையல் மாஸ்டர் ஷரஃபுதீன். நடையாய் நடந்த பிறகு, ஒரு கல்யாணப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வேண்டிய கத்திரிக்காய் முழுவதையும் அவளிடமே சொல்லிவைத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வேன் வந்தது. உள்ளே கால்வாசிகூட இல்லை.

சங்கத் தலைவர் தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள். ஆந்திராவில் மழை கொட்டி அங்கிருந்து காய் வரத்து நின்றதில் விலை ஏறிவிட்டதாம். யாரோ ஒரு வியாபாரி தோட்டத்துக்கே லாரி கொண்டுவந்து, கையில் காசைக் கொடுத்து, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டாராம்.

“சங்கத்துக்குத்தான் குடுப்போம்னு எல்லாரும் ஒத்துக்கினீங்களே, நைனா. நீங்களாவது தடுத்திருக்கலாம்ல?”

தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என் தோட்டத்துக் காயும் அந்த லாரியிலதாம்மா போச்சு.”

திட்ட வாயெடுத்தவள் அடங்கிவிட்டாள். போன மாதம் விலை போகாத காயை அவர் மாட்டுக்குக் கொட்டியது அவளுக்குத் தெரியும்.

ஆட்டோ பிடித்துக் கோயம்பேட்டுக்கு ஓடினாள். அங்கே ஒரு கடையில் அதே காய் குவிந்து கிடந்தது. தன் சங்கத்து ஆட்கள் விளைவித்ததையே, பேரம் பேசவும் வாய் வராமல், வியாபாரி சொன்ன விலைக்கு வாங்கி ராயப்பேட்டையில் கொண்டு சேர்த்தாள். நடந்ததை ஷரஃபுதீனிடம் ஒளிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

“காய் வந்துட்ச்சு, சந்தோஷம். ஆனா இனிமே நான் மண்டியிலயே வாங்கிக்கிறேம்மா. அடுப்ப மூட்டிட்டு உன் வேனுக்காகப் பாத்துக்கினு நிக்க முடியாது.”

அடுத்த வாரமே விலை படுத்துவிட்டது. வியாபாரியின் லாரி தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிடங்கு வாசலில் வேன் நிரம்பி வழிய வந்து நின்றது. கூடவே வந்த தெய்வசிகாமணி, அவள் முகத்தைப் பார்க்காமல் கூடைகளை இறக்கி வைத்தார். இத்தனையும் எங்கே விற்கும் என்று அவர் கேட்கவில்லை.

சகினா ஒரு பை நிறையக் காயை எடுத்துக்கொண்டு லஸ் பக்கம் நடந்தாள். அன்று காய் கிடைக்காமல் போன ஓட்டல்களில் ஒன்றுதான் முதலில் வந்தது. முதலாளி வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.