ஏழாம் நம்பரில் அக்கா

மிளகாய் வத்தல் நெடிக்கு ஒரு குணம் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்வரை அது நம்மை ஒன்றும் செய்யாது. 'சரி, தப்பித்தோம்' என்று நினைத்துக் காற்றை உள்ளே இழுத்த அந்தக் கணத்தில் மூக்கின் உச்சிக்கு ஏறி ஊசியாய்க் குத்தும். விருதுநகரில் எங்கள் வீட்டின் முன்பாதி அப்பாவின் வத்தல் மண்டியாகவும் பின்பாதி நாங்கள் குடியிருக்கும் இடமாகவும் இருந்ததால், அந்த நெடிக்குள்ளேதான் பிறந்து வளர்ந்தேன். ஆனால் அதை நான் வெறுக்கத் தொடங்கியது பத்து வயதில், கொல்லைப்புறத்து வெயிலில் என்னை நிறுத்திவைத்து, வயிற்றோடு அணைத்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அசையாத... அசையாத... கண்ணச் சிமிட்டாத" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான். நான் தும்முவேன். அம்மா பெட்டியின் மேல்மூடியைப் பட்டென்று மூடுவாள். "போச்சு. வெளிச்சமும் போச்சு" என்பாள். மறுநாளும் அதே இடம், அதே வெயில், அதே தும்மல்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பல நாட்கள் அந்தப் பெட்டிக்குள் "சுருள்" என்று நாங்கள் சொன்ன பிலிமே இருக்காது. சுருள் போடுவதற்கு முன்னால் கை பழக வேண்டுமாம். இல்லாத படத்துக்காக நான் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு வகுப்பு கூடுதலாய்ப் படித்திருக்கலாம்.

ஐம்பதுகள் முடியப்போகிற சமயம் அது. கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மாமா, வருவதற்கு முன் தன் அக்காவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, என்ன வேண்டுமென்று கேட்டு எழுதியிருந்தார். சேலை, சென்ட் பாட்டில், பீங்கான் தட்டு என்று எல்லாரும் ஒவ்வொன்று சொல்ல, அம்மா ஒரே வரியில் கேமரா என்று எழுதச் சொன்னாள். அப்பா சிரித்தார். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் அவரே சொல்லுவார்.

பெட்டி வந்தது. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிற கேமரா அல்ல அது. மேல்மூடியைத் திறந்தால் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி தெரியும். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு அதற்குள் குனிந்து பார்த்தால், எதிரே இருப்பதெல்லாம் இடம் வலமாக மாறி, சின்னதாக, பளிச்சென்று கிடக்கும். பக்கத்தில் ஒரு திருகு. முதுகுப் பக்கம் ஒரு சிவப்புச் சன்னல், அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் வரும். ஒரு படம் எடுத்தால், அடுத்த எண் வரும்வரை திருக வேண்டும். பன்னிரண்டும் முடிந்தபிறகு சுருளைக் கழற்றி மதுரைக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டு, அது கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். இதற்கு மயங்க என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மத்தியான வேலை முடிந்ததும் அம்மா வாசல் பக்கம் வந்து நின்று, சுருளில்லாத பெட்டியில் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூட்டை ஏற்றுகிறவர்கள், மாட்டு வண்டிகள், தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள். "அப்படி என்னதாம்மா தெரியுது?" என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். "எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்காக. இதுக்குள்ள வந்தாத்தான் செத்த நேரம் நமக்குன்னு நிக்காக" என்றாள்.

வினை வந்தது சாத்தூரிலிருந்து. அங்கே தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து என் அக்கா சரசுவைக் கேட்டார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை; தீப்பெட்டி செய்தாலும் வெடி செய்தாலும் ஆபீஸ்தான். நல்ல இடம், ஒரே பையன், தகப்பன் இல்லாத குடும்பத்தைத் தாயாரே நிமிர்த்தியவர் என்றெல்லாம் தரகர் சொன்னார். அந்தத் தாயார் முதலில் பெண்ணின் படம் ஒன்று கேட்டிருந்தார்.

"அதுக்கென்ன, ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனா ஆச்சு" என்றார் அப்பா.

"ஸ்டூடியோக்காரன் முகம் பூரா மாவப் பூசி, காயிதப் பூத்தொட்டி பக்கத்துல நிப்பாட்டுவான். எல்லாப் பொண்ணும் ஒரே மூஞ்சியா இருக்கும். சரசுவ நான் எடுத்துட்டேன். ஏழாம் நம்பர்ல இருக்கா" என்றாள் அம்மா.

"இருக்காள்ல, எடுத்துக் குடு."

"இன்னும் அஞ்சு இருக்கே. முடியாமச் சுருளக் கழட்ட முடியாது."

"அந்த அஞ்சையும் இப்பயே தட்டி விடு. முடிஞ்சு போகும்ல."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "தட்டி விடுறதுக்கு இது என்ன சீனி வெடியா?"

அந்தச் சொல்லோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. அம்மா பிடிவாதக்காரி என்று தெரியும். ஆனால் பெற்ற மகளின் கல்யாணத்தைவிட ஐந்து வெற்றுக் கட்டங்கள் பெரிது என்று நினைக்கிற அளவுக்கா என்று சொந்தபந்தமெல்லாம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா எல்லாருக்கும் மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. அக்காவோ வாயே திறக்கவில்லை. அவளுக்கு அந்தச் சாத்தூர்க்காரர் எப்படி இருப்பார் என்றுகூடத் தெரியாது. படம் கேட்டவர்கள் படம் அனுப்பவில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை.

எட்டாம் நம்பருக்காக அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி நாரணாபுரம் போனாள். அவளுடைய பெரியப்பா மகன் ஒருவருக்கு அங்கே வெடி ஆபீஸ் இருந்தது. வெயிலில் வரிசை வரிசையாக வெடிகளைக் காயப்போட்டிருந்தார்கள். அம்மா மூடியைத் திறந்ததுதான் தாமதம், அங்கிருந்த கணக்குப்பிள்ளை தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். "அம்மா, கும்பிட்டுக் கேக்கேன், அந்தக் கண்ணாடிய மூடுங்க. பூதக்கண்ணாடியில வெயிலப் பிடிச்சாக் காயிதம் பத்துறத நாங்க பாத்திருக்கோம். இங்கன காயிறது காயிதம் இல்ல." அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அவர் நகரவில்லை. சாயங்காலம் வரை வேலிக்கு வெளியே புழுதியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பசி. வேலை விட்டு, முழங்கை வரை வெள்ளிப் பொடி மினுங்க வந்த பெண்களை மறித்து அம்மா ஒரு படம் எடுத்தாள். "எங்களப் போயா எடுக்கீக? வீட்ல வேற ஆள் இல்லையா?" என்று அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

ஒன்பதாம் நம்பரை முடித்துவைத்தது அப்பா. அம்மா கோவிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விசையைக் 'க்ளக், க்ளக்' என்று அழுத்திவிட்டு, பெரிய பாரத்தை இறக்கிவைத்த முகத்தோடு காத்திருந்தார். அம்மா வந்ததும், "உன் சுருளு முடிஞ்சிருச்சு. நாளைக்கு மதுரைக்கு ஆள் போகுது" என்றார். அம்மா சிவப்புச் சன்னலைப் பார்த்தாள். ஒன்பதே நின்றது. திருகாமல் எத்தனை தடவை அழுத்தினாலும் எல்லாம் ஒரே கட்டத்தின் மேல்தான் விழும் என்பது அவருக்குத் தெரியாது. அம்மா பத்துக்குத் திருகினாள். "எப்படியோ ஒன்னு கொறஞ்சுச்சுல்ல" என்று அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார். சில நாட்களுக்கு அவருக்குச் சோறு மட்டும்தான் பரிமாறப்பட்டது, பேச்சு இல்லை.

பத்தாம் நம்பரில்தான் வீடு இரண்டுபட்டது. களத்தில் வத்தல் சிவப்புக் கடலாகக் காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பிற்பகலில், எதிர்பாராத மழை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, வேலையாட்கள் ஓட, அக்காவும் நானும் சாக்குகளை இழுத்துக்கொண்டு ஓட, அம்மா களத்து ஓரச் சுவரில் ஏறி நின்று பெட்டிக்குள் குனிந்திருந்தாள். பாதிச் சரக்கு நனைந்தது. நனைந்த வத்தல் கறுத்துப்போகும். கறுத்ததை எவனும் வாங்கமாட்டான். "குடும்பம் நனையுது, நீ படம் பிடிக்கே! இன்னைக்கு அந்தப் பெட்டிய ஒடைக்காம விடமாட்டேன்" என்று அப்பா கத்தியபோது, அவர் சொன்னதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அம்மா பெட்டியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். நடுவில் போய் நின்றது அக்கா. "அப்பா, இன்னும் ரெண்டுதான இருக்கு. விடுங்க" என்றாள். அந்த விவகாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அதற்குள் சாத்தூரில் பொறுமை தீர்ந்துவிட்டது. முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தரகரும், அந்தத் தாயாரும், மாப்பிள்ளைப் பையனும் வாசலில் வந்து இறங்கினார்கள். "படம் வரக் காணோம், அதான் ஆளையே பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தோம்" என்றார் அந்த அம்மாள், காதில் தண்டட்டி ஆட. குரலில் சிரிப்பு இல்லை. அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து, காப்பி கொடுத்து, கும்பிட்டுவிட்டு நின்றாள். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கப்படுகிற பெண் தரையைத்தான் பார்க்க வேண்டும். அவளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்திருக்கப்போகிற நேரம் அம்மா பெட்டியோடு வந்தாள்.

"மாப்பிள்ளைய ஒரு படம் எடுத்துக்கிடுறோம் மதினி."

அந்த அம்மாளின் புருவம் ஏறியது. "பொண்ணு வீட்ல மாப்பிள்ளையப் படம் எடுக்குற வழக்கம் எங்கன இருக்கு?"

"பொண்ணு படம் நீங்க கேட்டீகள்ல. மாப்பிள்ளை படம் நாங்க கேக்கக் கூடாதா?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பையன், பெயர் சண்முகம், எழுந்து, காட்டிய இடத்தில், கொல்லைப்புறத்து வெயிலில் போய் நின்றார். அப்போதுதான் அம்மா அதைச் செய்தாள். பெட்டியை அக்காவின் கையில் கொடுத்து, "நீயே எடுடி" என்றாள்.

யாரும் குற்றம் சொல்ல வழியில்லை. ஏனென்றால் அக்கா தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள். அடக்கமான பெண் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி, கழுத்து வளைந்து, கண் தாழ்ந்து. அந்தத் தாழ்ந்த கண்ணுக்குக் கீழே, கண்ணாடிக்குள், சண்முகம் முழுசாக நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். "அசையாதீக" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். சாத்தூர் மனிதருக்கு எங்கள் வீட்டு நெடி பழக்கமில்லை. அவர் மூக்கு துடித்தது, கண்ணில் நீர் கோத்தது, முகம் சிவந்தது, அசையவில்லை. 'க்ளக்' என்றதும் அடக்கிவைத்ததெல்லாம் சேர்த்துத் தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இப்ப அசையலாமாங்க?" என்று அவர் கேட்டார்.

வீட்டுக்குள் திரும்பியபோது எல்லாரும் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நேரே அம்மாவிடம் வந்தார். "ரெண்டு மிச்சம் இருக்குன்னு தரகர் சொன்னாரே. இன்னும் ஒன்னு இருக்குமே?"

"ஆமா மதினி. பன்னெண்டாம் நம்பர்."

"என்னைய ஒன்னு எடுக்கீகளா? இந்த வயசு வரைக்கும் எனக்குன்னு ஒரு படம் கெடையாது." அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் பதித்துவிட்டிருந்தார். அவ்வளவு அதட்டலான மனுஷி, அம்மா குனிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல விழித்தார்.

சுருள் கழுவி வந்தபோது ஏழாம் நம்பர் அக்காவுக்கு இரண்டு மூக்கு இருந்தது. அவள் தும்மியிருக்கிறாள். இத்தனை சண்டையும் இந்த இரண்டு மூக்குக்காகத்தானா என்று அப்பா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அக்காவின் விருப்பத்தை அம்மா கேட்டபோது, அவள் பதினோராம் நம்பரை எடுத்துத் தன் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். அழப்போகிறவர்போல நிற்கிற அந்த மனிதரோடு அடுத்த தை மாதம் கல்யாணம். பன்னிரண்டாம் நம்பர் சட்டம் போட்டுச் சாத்தூர் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது.

கல்யாணத்தில் சீர் எழுதியபோது அக்கா கேமராவைக் கேட்டாள். நகையைக் கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருக்கக்கூடிய அம்மா, கேமராவைத் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். தாயும் மகளும் அடுத்த பொங்கல் வரை பேசவில்லை. பிறகு சுருளுக்குத் தட்டுப்பாடு வந்து, வெளிநாட்டுச் சரக்கு கிடைக்காமல் போய், திருகு இறுகி, அந்தப் பெட்டி பரணுக்குப் போனது. நான் கல்லூரியிலிருந்து வந்த ஒரு விடுமுறையில் ஏறிப் பார்த்தேன். தோல் உறையைக் கரையான் தின்றிருந்தது. நாரணாபுரத்துப் பெண்களின் படம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்தக் களம் இல்லை, கல்யாண மண்டபமாகிவிட்டது. போன ஆவணியில் அக்காவின் பேரனுக்கு அங்கேதான் கல்யாணம். தலைக்கு மேல் தட்டான்பூச்சி மாதிரி ஒன்று பறந்து படம் எடுத்தது. வாயில் வைத்த சோற்றை விழுங்கவிடாமல் எடுத்தார்கள். எண்பதைத் தாண்டிய அக்காவையும் அவளுக்கு இளையவளான என்னையும் சேர்த்து நிற்க வைத்து, திரும்ப வைத்து, சிரிக்க வைத்து எடுத்தார்கள். போன வாரம் சாத்தூர் போயிருந்தபோது, நாங்கள் இருவரும் இருக்கிற ஒரு படம் காகிதத்தில் வேண்டும் என்று பேரனிடம் கேட்டேன்.

"காயிதத்துலயா? இப்ப யாரு சின்னப் பாட்டி பிரிண்ட் போடுறா?" என்று சொல்லிக்கொண்டே போனில் தேடினான். மணமேடை வந்தது, பந்தி வந்தது, யார் யாரோ வந்தார்கள். விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் மட்டும் வரவில்லை. "இதுலதான் இருந்துச்சு" என்றான். "அம்மா போன்ல இருக்கும்" என்றான். பிறகு யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டான். எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன்.

அக்கா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"படம் எதுக்குட்டி இப்ப? ஆளு இங்கனதான உக்காந்திருக்கேன். பாத்துக்கோ" என்றாள்.

பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.