தைக்காமல் விட்ட நிலம்

"அம்மா, இதை ஏன் ஒருத்தரும் தைக்கேல்லை?"

போன கோடை விடுமுறையில் ஐஸ்லாந்துக்குப் போயிருந்தபோது என் ஏழு வயது மகள் கேட்ட கேள்வி இது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதயத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது மற்றப் பிள்ளைகளைப் போல ஓடித் திரிகிறாள். நெஞ்சின் நடுவில் நீளமாக ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. கழுத்து மூடிய சட்டை கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிறந்தநாள் வீடுகளில் யாராவது, "ஐயோ, பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டால், அன்று முழுவதும் அவள் தலையைக் குனிந்து, நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே நிற்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

வருடாந்தப் பரிசோதனையில் வைத்தியர், "எங்கேயும் போகலாம், எதுவும் செய்யலாம்" என்று சொன்ன கையோடு கணவர் டிக்கெட் போட்டுவிட்டார். மாமி, அதாவது அவருடைய அம்மா, "ஊர் உலகத்தில வேற இடம் இல்லையோ? பிள்ளையை எரிமலைக்கோ கொண்டு போறியள்?" என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான். மருந்து, காய்ச்சல்மானி, கம்பளிக் காலுறை எல்லாம் அடுக்கினேன். அங்கே வெந்நீர்க் குளங்களில் குளிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கழுத்துவரை மூடிய நீச்சலுடை ஒன்றையும் தேடி வாங்கினேன். அதைக் கண்ட கணவர் ஒன்றுதான் கேட்டார்: "உமக்கு எரிமலைக்குப் பயமோ, ஆக்களுக்குப் பயமோ?"

அந்தத் தீவை எப்படிச் சொல்வது? வாடகைக் காரின் கதவைத் திறந்தால் காற்று அதைப் பிடித்து இழுக்கும். கரிய எரிமலைக் குழம்பு உறைந்த வெளி கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடக்கும். கொஞ்சம் போனால் அதே பாறைமேல் பச்சைப் பாசி மெத்தைபோல வளர்ந்திருக்கும். ஓரிடத்தில் மண்ணிலிருந்து ஆவி பறந்தது. அழுகிய முட்டை மணம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, நீங்களோ?" என்று கேட்க, நான் வயிறு நோகச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

அடுத்த நாள்தான் அந்தப் பள்ளத்தாக்கு. பூமியின் இரண்டு தட்டுகள் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிற இடம். இரு பக்கமும் கரும்பாறைச் சுவர், நடுவில் பாதை. கணவர் விளக்கிச் சொல்ல, மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் என் கையைப் பிடித்து, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவளே சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இதைத்தானே ஃபோட்டோ எடுக்கினம்" என்றாள்.

அன்று பின்னேரம் ஒரு சிற்றூரின் பொதுக் குளத்துக்குப் போனோம். அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம். குளத்தில் இறங்குமுன் எல்லோரும் உடுப்பில்லாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெண்கள் பகுதியில் மறைப்புகூட இல்லை. பெரிய துவாயை விரித்து, மகளைச் சுவரோடு நிறுத்தி மறைத்தேன். துவாய் நனைந்து கனத்ததுதான் மிச்சம். பக்கத்தில் நின்ற அவள் வயதுச் சிறுமி ஒருத்தி எட்டிப் பார்த்து, விரலால் நெஞ்சைக் காட்டி, "நொந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இப்போது அவள் நாடி நெஞ்சுக்கு இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை.

மகளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "உங்கட நாட்டில பெரிய வெடிப்பு ஒன்று இருக்கெல்லோ? அதே மாதிரித்தான். ஆனா என்ரதைத் தைச்சாச்சு."

அந்தச் சிறுமி தன் முழங்காலைத் தூக்கி, சைக்கிளால் விழுந்த அடையாளத்தைக் காட்டினாள். மகள் அதைக் குனிந்து பார்த்து, "உது சின்னன்" என்றாள் தமிழில், என்னிடம். பிறகு பையைக் கிளறினாள். அடியில், கடையில் அவளே ஆசைப்பட்டு எடுத்து நான் வேண்டாம் என்று திருப்பி வைத்த மஞ்சள் நீச்சலுடை இருந்தது. எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்தது கணவரின் வேலை. அதைப் போட்டுக்கொண்டு, தழும்பு மேலே தெரிய, அந்தச் சிறுமியோடு ஆவி பறக்கும் தண்ணீருக்குள் இறங்கினாள். நான் ஈரத் துவாயைப் பிடித்தபடி நின்றேன். என் வயிற்றில் பிறந்தவள் என்று அன்று பட்ட பெருமையை அவள் ஏறிய எந்த மேடையிலும் பட்டதில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் வாசகர்களாகிய உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

வருகிற மாதம் பக்கத்து ஊரான அஜக்ஸில் என் தம்பியின் கல்யாணம். மகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுக்கப் போனோம். "அன்ரி, கழுத்தை இறக்கித் தையுங்கோ" என்று அவளே தையல்கார அன்ரியிடம் சொல்லிவிட்டாள். மாமி வீட்டுக்கு வந்து, "பொம்பிளைப் பிள்ளை. கல்யாண ஹோல் நிறையச் சனம் வரும். நீர்தானே யோசிக்க வேணும்" என்கிறார். அவரையும் பிழை சொல்ல மாட்டேன். சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே என்னோடு இருந்து அழுதவர் அவர்.

குளத்தில் கேட்டது ஒரு சிறுமி. கல்யாண மண்டபத்தில் கேட்கப்போவது எத்தனை பேர்? மறுபடியும் அவள் நாடி நெஞ்சுக்கு இறங்கிவிட்டால்? அல்லது, பயப்படுவது நான் மட்டும்தானா? உடம்பில் தழும்போடு வளர்ந்தவர்கள், அப்படிப் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அன்ரி துணியை இன்னும் வெட்டவில்லை. கழுத்தளவை நான் சொல்லவேண்டுமாம்.