முகாம் நாளில் கொடுத்த மாத்திரை

என் மனைவிக்கு நடுக்குவாதம். மருத்துவர்கள் பார்க்கின்சன் என்பார்கள். இந்த நோயில் வெளியாருக்குப் புரியவைக்க முடியாத ஒன்று உண்டு. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழிந்ததும் அவள் எல்லோரையும் போல நடப்பாள், பேசுவாள், உட்கார்ந்து கீரைகூட ஆய்வாள். மாத்திரையின் வேகம் இறங்கியதும் உடம்பு கட்டையாக இறுகிவிடும். கால் தரையை விட்டு எழாது. வாயைத் திறந்தால் சத்தம் வராது. ஒரு நாளைக்குள்ளேயே பல முறை இப்படி மாறும்.

நான் கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருப்பவன். தனியார் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன், ஓய்வூதியம் கிடையாது. ஒரே மகள் திருப்பூரில் தன் குடும்பத்தை இழுக்கவே திணறுகிறாள். என் மனைவிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். இன்னொன்றை வெளியில்தான் வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகைதான் அந்த இன்னொன்றை வாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பழைய மாற்றுத்திறனாளி அட்டை செல்லாது என்றார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அட்டை, எல்லோரும் மறுபடி முகாமுக்கு வந்து உடம்பைக் காட்ட வேண்டும், அதுவரை பணம் வராது. உடல் பாதிப்பு நாற்பது சதவீதத்துக்குக் குறைவு என்று மருத்துவர் எழுதினால் பிறகும் வராது.

முகாம் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அன்று நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாமில் அவள் நன்றாக இருக்கும்படி கணக்குப் போட்டு மாத்திரை கொடுத்தேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது. என் அப்பா காலத்திலேயே அது போய்விட்டது, கௌரவம் மட்டும் போகவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில், என்னிடம் படித்தவன் எவனாவது நிற்கக்கூடிய இடத்தில், அவள் எச்சில் வடிய உட்கார்ந்திருப்பதை நினைக்கவே எனக்குக் கூசியது. இஸ்திரி போட்ட சேலை, திருநீறு, பின்னிய தலை. கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போனோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர், முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவர், ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு மூணாவது தடவ இது, அண்ணாச்சி” என்றார். “ஒவ்வொரு தடவையும் டேப்பு வச்சு அளந்து பாக்காவ. நடுவுல வளந்திருக்குமோன்னு சந்தேகம் போல.”

என் மனைவி சிரித்துவிட்டாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்காவுக்குத்தான் பாக்க வந்தியளா? நான் ஒங்களுக்குன்னுலா நெனச்சேன். இம்புட்டு நல்லா இருக்கும்போது இங்கன கூட்டிட்டு வரலாமா?”

எனக்குக் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே இளம் மருத்துவர். மரியாதையாகவே நடத்தினார். நடக்கச் சொன்னார், நடந்தாள். விரல்களைத் தட்டச் சொன்னார், தட்டினாள். பெயர் கேட்டார், தெளிவாகச் சொன்னாள். நான் நல்ல ஆங்கிலத்தில், மாத்திரையின் ஏற்ற இறக்கத்தை, வகுப்பில் பாடம் எடுப்பது போல விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“எனக்குத் தெரியும் சார். ஆனா நான் பார்க்கிறதத்தான் எழுத முடியும்.”

முப்பது என்று எழுதினார்.

மேல்முறையீடு செய்தேன். அதற்கு ஆன மாதங்களில் வெளியில் வாங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்தேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தேன். அவள் கால் எழும்புவதற்காக வீட்டுத் தரையில் குறுக்கே சாக்பீஸ் கோடுகள் போட்டிருந்தேன். கோட்டைப் பார்த்தால் தாண்டுவாள். மருந்து குறைந்ததும் கோடும் பயன்படவில்லை. ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பும்போது, அடுக்களை வாசற்படியில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வடிந்து, தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது.

அடுப்பை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தபோது முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை தவறக்கூடாது.

இரண்டாவது முகாமன்று காலையில் வழக்கம்போல அவள் வாயைத் திறந்தாள். வழக்கமான மாத்திரைக்குப் பதிலாக நான் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நாக்கில் வைத்தேன். அதுவும் வெள்ளைதான், ஏறக்குறைய அதே அளவுதான். தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று நரம்பு மருத்துவர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

ஆட்டோ சேரன்மகாதேவி தாண்டும்போது அவள் பேச்சு நின்றது. பள்ளிக்கூட வராந்தாவில் உட்காரவைத்தபோது கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எச்சிலைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்று அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. நான் துடைத்திருக்கலாம். எங்களைக் கூப்பிடும் நேரம் நெருங்கியிருந்தது, துடைக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனிதன் நான்தான். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலிருந்து தரைக்கு ஈரம் சொட்டியது. எங்களுக்குக் கல்யாணமான நாள் முதல், குளித்துத் தலை வாராமல் வாசலுக்குக்கூட வராதவள் அவள். கண் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டது. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

மருத்துவரே வெளியில் வந்தார். வேறு ஒருவர், வயதானவர். நடக்கச் சொல்லவில்லை, கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா குடுக்கீங்களா?”

“குடுக்கேன் சார்.”

“குடுத்துமா இப்படி இருக்கு?”

நான் தலையாட்டினேன். அவர் அவளைப் பார்த்து, “சரிம்மா, இனிமே அலைய வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எழுதினார். தேவைக்கு மேலேயே எழுதினார்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடிக்கு அவளைக் கொண்டுபோய், என் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கவே சிரமப்பட்டாள். மருந்து பிடிக்கும்வரை ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்தோம். அவளைச் சுற்றி என் துண்டைக் கட்டியிருந்தேன். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்போது எனக்குக் கூசவில்லை. கூசுவதற்கு அதைவிடப் பெரிய விஷயம் கிடைத்திருந்தது.

குரல் திரும்பியதும் அவள் முதலில் சொன்னது:

“காலைல குடுத்தது அது இல்ல.”

நான் அவளைச் சுற்றியிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்தேன்.

“தெனமும் திங்கவளுக்கு ருசி தெரியாதா? தெரிஞ்சுதான் முழுங்கினேன். நீங்க ஏதோ சொல்லுவியன்னு ஆட்டோல பாத்துக்கிட்டே வந்தேன்.”

“ஏளா, வேற வழி தெரியல எனக்கு.”

“எனக்குத் தெரியும்லா. சொல்லியிருந்தியன்னா நானே போடாம வந்திருப்பேன். ஒரு மாத்துத் துணியாவது எடுத்து வச்சிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோன சாமானைச் சொல்வது போலச் சொன்னாள். அதைக் கேட்டபின் எனக்கு அழுகைகூட வரவில்லை.

உதவித்தொகை இப்போது வருகிறது. மாத்திரை முழுதாகக் கிடைக்கிறது. கொடுத்திருப்பது தற்காலிகச் சான்றிதழ். நோய் கூடுவதால் சில வருடங்களில் மறுபடி பார்ப்பார்கள். கூடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் பார்ப்பார்கள்.

என் கையால் அவள் மாத்திரை வாங்குவதில்லை. மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நடுங்கும் கட்டைவிரலால் தானே பிதுக்குகிறாள். பல தடவை மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. நான் குனிந்து தேடி எடுத்து நீட்டினால், வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாயில் போடுகிறாள்.

போன வாரம் சொன்னாள்: “அடுத்த முகாமுக்கு நான் மாத்திரை போடாம வாறேன். நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க. உள்ள வர வேண்டாம்.”

“தனியா எப்படி ஏளா?”

“அன்னைக்கும் தனியாத்தானே இருந்தேன்.”