வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஒரு வைஃபை பெட்டி

எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பொருத்தியிருந்த வைஃபை பெட்டியை நான் கொன்றது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நல்லெண்ணத்தோடுதான் கொன்றேன். இதுவரை நான் கெடுத்த எல்லாவற்றையும் நல்லெண்ணத்தோடுதான் கெடுத்திருக்கிறேன்.

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் கணினி அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு திருவையாற்றுச் சாலையில். கல்லூரி வேண்டாமென்று கழித்த பெட்டியை எடுத்துவந்து மாடியில் மாட்டியபோது, பக்கத்து வீட்டுக்கும் அதன் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். மகன் வளைகுடாவில். மருமகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கணவனும் மனைவியும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். கணவருக்கு வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டு, அறையில் கூட இருப்பவர்கள் வெளியே போனபிறகு வீடியோவில் அழைப்பார். அப்போது இங்கே மணி மூன்று. எங்கள் தென்னந்தோப்புக்குள் செல்போன் சிக்னல், குரலை மட்டும் தூக்கிவரும் அளவுக்குத்தான் தெம்பாக இருக்கும். குரலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை அவரைப் பாலைவனத்தில் குழாய் பதிக்கும் இடத்துக்கு அனுப்புகிறார்கள், இரண்டு மாதத்துக்கு அங்கே எந்தத் தொடர்பும் கிடையாது என்று மாமியார் முதல்நாளே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் என் மூளைக்குள் ஒரு மணி அடித்தது. பெட்டிக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறது, அதைப் போட்டால் வீடியோ இன்னும் தெளிவாக வரும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"நாளைக்குப் பாருங்கம்மா, உங்க பையன் எதிர்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். ஆற்றில் தண்ணீர் வரவில்லை, எல்லா வயலும் மோட்டாரை நம்பியிருந்தது. மூன்று பேஸ் மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் மொத்தமும் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கும். வோல்டேஜ் விழுந்து எழும். எங்கள் குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை அதில் வெந்துபோனது. ஆகவே எங்கள் தெருப் பெண்கள், மோட்டார் சத்தம் கேட்ட மறுநொடி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கால்மணி கழித்து ஏற்றுவார்கள். என் மனைவி தன் வீட்டு மெயினை இறக்கிவிட்டு, கொல்லைச் சுவருக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கையைக் கீழே இறக்கிக் காட்டுவாள். பத்து வருடப் பழக்கம்.

புதிய மென்பொருள் பெட்டிக்குள் பாதி இறங்கியிருந்தபோது மோட்டார்கள் ஓடின.

"ஐயோ, யாரு கரண்டைப் பிடுங்குனது?"

"மூணு பேஸ் வந்துடுச்சுங்க, மெயினை இறக்கிட்டேன்" என்றாள் மனைவி, கடமையை முடித்த குரலில். அவள்மேல் குற்றமே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். கணினித்துறையில் இருபது வருடம் இருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

மின்சாரம் திரும்பியபிறகு பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கொண்டை ஊசியால் ரீசெட் பொத்தானைக் குத்தினேன். பெட்டியின் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. சுவரருகே வந்து நின்ற மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன்.

"நல்லா இருந்ததை எதுக்குத் தம்பி நோண்டுனீங்க?"

"தெளிவா வரட்டுமேன்னு..."

"இருந்ததே தெளிவாத்தானே இருந்துச்சு? அவன் மீசையில நரை வந்ததைப் பாத்துட்டு மூணு வாரமா கேலி பண்ணிட்டிருக்கா."

அவருக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். மாமியார் மூன்று விரலைக் காட்டி, கையை விரித்து, என் பக்கம் தலையை அசைத்தார். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெட்டியின் அடியில், லேன் கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில், அதேமாதிரி இன்னொரு துளை உண்டு. கன்சோல் என்று எழுதியிருக்கும். பெட்டி வைஃபையை மறந்து, வலைப்பின்னலை மறந்து, தான் யாரென்பதையே மறந்துவிட்டாலும், உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் துளைவழியாக அதனோடு பேசலாம். அதற்கென்று ஒரு தட்டையான நீலநிறக் கேபிள் வேண்டும். என்னுடையது, கொலு பொம்மைப் பெட்டிக்குள், செட்டியார் பொம்மையின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. கண்டுபிடிக்கும்போது மணி பன்னிரண்டரை.

மாடி வெயிலில், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மடிக்கணினியை அதனோடு இணைத்தேன். திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. பெட்டி பேசும் வேகமும் மடிக்கணினி கேட்கும் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் அப்படித்தான் உளறும். வேகத்தை மாற்றி மாற்றி வைத்தேன். நான்காவது முயற்சியில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்தன. எழுந்திருக்கப் பார்க்கிறது, உள்ளிருக்கும் மென்பொருள் அரைகுறை என்று தெரிந்து விழுகிறது, மறுபடி எழுந்திருக்கப் பார்க்கிறது. காலையிலிருந்து யாரும் பார்க்காமல் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. பாவமாக இருந்தது.

ஒவ்வொரு முறை எழும்போதும் மூன்று நொடி அவகாசம் தரும். அதற்குள் ஒரு விசையை அழுத்தினால் நின்று, நம் கட்டளையைக் கேட்கும். முதல்முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாம் முறை அழுத்தினேன். நின்றது. இனி லேன் கேபிள்வழியாக மென்பொருளை முழுதாக அனுப்ப வேண்டும், நடுவில் மின்சாரம் போகக்கூடாது.

"பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிட்டேன்" என்று கீழேயிருந்து மனைவி கத்தினாள். "மெயினுக்குப் பக்கத்துலயே நிக்கறேன். யாரு வந்து தொட்டாலும் கையை உடைச்சிடறேன்."

"வேற யாரு வரப்போறா?"

"நான்தான். பழக்கதோஷம்."

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. பாதியில் சிவப்பு விளக்கு ஒருமுறை மங்கியது. எனக்குத் தெரிந்த கடவுளரையெல்லாம் கூப்பிட்டு, பக்கத்து வீட்டாரின் கடவுளையும் சேர்த்துக்கொண்டேன். விளக்கு தேறியது, புள்ளிகள் முடிந்தன, பெட்டி விழாமல் எழுந்தது. பச்சை. மணி இரண்டு ஐம்பது.

ஆனால் அதற்குப் பழைய பெயர், கடவுச்சொல் எதுவும் நினைவில்லை. எனக்குப் பெயர் நினைவிருந்தது, கடவுச்சொல் இல்லை. அதே கடவுச்சொல்லைப் போட்டால்தான் அவளுடைய போன் தானாக வந்து சேரும்.

"அம்மா! பாஸ்வேர்டு எழுதி வச்சிருக்கீங்களா?"

"எதுக்குத் தம்பி எழுதணும்? சீரகச்சம்பா, ஒண்ணு ரெண்டு மூணு!" என்று தெருமுனைவரை கேட்கும்படி முழங்கினார். அன்றுமுதல் எங்கள் தெருவில் யாரும் இணையத்துக்குச் சிரமப்படவில்லை.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, ஒரு போன் வந்து சேர்ந்ததாகத் திரையில் ஒரு வரி விழுந்தது. அந்தப் போனுக்குப் போய்வரும் தரவின் அளவைக் காட்டும் எண்கள் ஓடத் தொடங்கின.

நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் கொல்லையில், துவைக்கிற கல்லின்மேல், தேங்காய் ஒன்றில் சாய்த்துவைத்த போனுக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். கைகள் எழுந்தன. சட்டென்று நான் திரும்பிக்கொண்டேன். மற்றவர்கள் போனில் பேசும்போது நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம், கேட்காமல் இருந்தால் போதும். இங்கே பார்ப்பதே ஒட்டுக்கேட்பது. நான் ஒன்றும் புரியாதவன்தான், இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"எறங்கி வாங்க, சோறு ஆறிப்போச்சு" என்றாள் மனைவி.

எங்கள் மாடிப்படி அந்தக் கொல்லையைப் பார்த்துத்தான் இறங்குகிறது. "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சுவருக்கு முகத்தையும் கொல்லைக்கு முதுகையும் கொடுத்து உட்கார்ந்தேன். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒருமுறை பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மீசை விஷயமாக இருக்கலாம். அதன்பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. எண்கள் மட்டும் நிற்கவில்லை. முக்கால்மணிக்கு மேல் ஆனது. துண்டு காய்ந்து மொடமொடத்தது.

பிறகு எண்கள் நின்றன. பெட்டி மறுபடி விழுந்துவிட்டதோ என்று பதறி விசைப்பலகையில் கைவைத்தேன். ஒரு தென்னங்குரும்பை பறந்துவந்து என் பக்கத்தில் விழுந்தது. திரும்பினேன். கொல்லையில் அவள் நின்றிருந்தாள், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து விரலை ஒரு வட்டம் சுழற்றி, உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்.

எனக்கு விளங்கவில்லை. "என்னடி சொல்லுது?" என்று படியடியில் நின்ற மனைவியைக் கேட்டேன்.

"பேசி முடிச்சாச்சாம். நீங்க இந்தப் பக்கம் திரும்பிக்கலாமாம்."