குடிக்காதவளின் தள்ளாட்டம்

தபால்காரி தெசங்கா தள்ளாடி நடக்கிறாள் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவன் கசாப்புக்கடை மிலோய்கோதான்.

"என்னக்கா, விடியறதுக்குள்ள ஏத்திட்டியா? எந்த வீட்டுல ஊத்துறாங்கன்னு சொன்னா நாங்களும் வருவோம்ல!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவளும் சிரித்து வைத்தாள். கல்யாணத்தன்று ஒரு மிடறு ப்ளம் சாராயம் குடித்ததோடு சரி, அப்புறம் அதை அவள் தொட்டதே இல்லை.

அவளுக்குக் கோதுமை ஆகாது. சீலியாக் என்று டாக்டர்கள் பேர் வைத்த நோய். ரொட்டித் துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். அது தெரிந்த நாள் முதல் சோளமும் உருளைக்கிழங்குமாகவே வாழ்ந்தாள். கோயிலில் நற்கருணை வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். எங்கள் கோயில்களில் கோதுமை அப்பத்தைத் திராட்சை ரசத்தில் ஊறவைத்துத்தான் கொடுப்பார்கள்; ரசத்தை மட்டும் தனியே வாங்க முடியாது. வயிறு அடங்கியது. ஆனால் இந்த இலையுதிர் காலத்தில் பாதங்கள் மரத்துப்போயின. செருப்பில் ஆணி ஏறி ரத்தம் வந்தபோதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்தாள். "கோதுமை சாப்பிடுறீங்க."

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப உங்க ரத்தமா பொய் சொல்லுது? திருட்டுத்தனமா கேக் தின்னா நரம்பும்தான் போகும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் ஸ்ரெத்தன் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். கோயிலில் மெழுகுவர்த்தி விற்கிறவன், அதிர்ந்து பேசாதவன்.

கொஞ்ச நாளில் போஸ்ட்மாஸ்டர் க்வோஸ்தென் அவளைக் கூப்பிட்டு, "ஊதிக் காட்டும்மா" என்றார். ஊதினாள். "நாத்தம் இல்லதான். ஆனா ஊரே பேசுது. இனிமே தெருவுக்குப் போக வேணாம், உள்ள உக்காந்து முத்திரை குத்து."

அந்தத் தெருக்கள்தான் அவளுடைய சந்தோஷம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஸ்ரெத்தன் அவளுக்கு ஒரு குவளை தீர்த்தம் கொண்டுவந்து தருவான். ஒருநாள் அவள் முன்னதாகவே எழுந்து சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்கு வந்தாள். அவன் உதடுகளில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் எல்லோருக்கும் கொடுக்கிற ஆசி அப்பத்தின் காய்ந்த துண்டு ஒன்றை விரலால் பொடித்துக் குவளைக்குள் தூவிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா இது?"

"நீ நற்கருணைய விட்டதுலேர்ந்து. உன் ஆத்துமா பட்டினி கிடக்குதேன்னு..."

"அது கோதுமை, ஸ்ரெத்தன்!"

"மந்திரிச்ச பிறகு எப்படி கோதுமையாகும்? உன் வயிறு வலிக்கவே இல்லையே!"

வயிறு மறைத்ததைக் கால்கள் காட்டிவிட்டன. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போ. போய் போஸ்ட்மாஸ்டர்கிட்ட சொல்லு. நான் குடிகாரி இல்லைன்னு சொல்லு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஆசி அப்பம் ஒருத்திய முடமாக்கிடிச்சுன்னு என் வாயால சொல்லணுமா? கர்த்தர் பேரு சந்தி சிரிக்குமே."

"என் பேரு சந்தி சிரிக்குதே!"

அவன் போகவில்லை.

அவளே போய்ச் சொன்னாள். டாக்டரம்மா நம்பினாள், வருத்தப்பட்டாள். செத்த நரம்பு திரும்புவது சந்தேகம்தான் என்றாள். க்வோஸ்தென், "கதை நல்லாருக்கும்மா. ஸ்ரெத்தன் சொல்லட்டும், தெருவ திருப்பித் தர்றேன்" என்றார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டும்விட்டார். "அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றான் அவன். தெரு அவளுக்குத் திரும்பி வரவில்லை.

கர்த்தர் அவனை மன்னித்திருப்பார் என்று தெசங்கா நினைத்துக்கொண்டாள். அவருக்கென்ன, தபால் பை தூக்கி நடக்க வேண்டியதில்லை.

இப்போது ஸ்ரெத்தன்தான் அவளைக் கைப்பிடித்துத் தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறான். நேற்று கோயில் பாடகர் குழுவிலிருக்கும் ஒரு பெண் எதிரே வந்து அவன் தோளைத் தட்டினாள். "நீ மனுஷனே இல்லப்பா, சாமிதான். வேற எவனா இருந்தாலும் குடிக்கிற பொம்பளைய எப்பவோ அடிச்சுத் துரத்தியிருப்பான்."

ஸ்ரெத்தன் தரையைப் பார்த்தான். அவன் வாய் திறக்குமா என்று தெசங்கா நின்றாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

பிறகு நடைபாதை முடிந்து சாலை தாழ்ந்தது. எவ்வளவு தாழ்வு என்று பாதத்துக்குத் தெரியவில்லை. அவன் கையையே இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.