அப்பள அண்ணாச்சியின் பட்டணத்துக் குளியல்

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக்காலம். அது முடிகிற சமயத்தில்தான் கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு உள்ளே வந்தார். முதலாளி என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"கிரேஸ், இந்த அண்ணாச்சி சொன்னா அவுக தெருவே கேக்கும். சந்தோசமாத் திரும்பி வந்தாவன்னா உனக்கு வேலை உறுதி. மூஞ்சியத் தூக்கிட்டு வந்தாவன்னா நீ வேற எடம் பாத்துக்கோம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சென்னையில் தண்ணீர் விளையாட்டு தீம் பார்க்குக்குப் போக அண்ணாச்சிக்கு மனசே இல்லை. "மணிமுத்தாறு அருவி சும்மா கொட்டுது. அங்கன போயி துட்டு குடுத்து நனையணுமாக்கும்?" என்றார்.

"எல்லா லீவுக்கும் மணிமுத்தாறுதானா? இந்தத் தடவ பட்டணந்தான்," என்றார் அவர் மனைவி. அதோடு விவாதம் முடிந்தது.

நான் ஓட்டல்களின் வாடகையை வரிசையாக எழுதி ஒப்பீட்டுத் தாள் போட்டேன். எஸ்.டி.டி. வெளியூர் போனில் ஒவ்வொரு ஓட்டலாகக் கூப்பிட்டு, டிஸ்கவுண்ட் உண்டா, பார்க் டிக்கெட்டோடு பேக்கேஜ் உண்டா என்று கெஞ்ச வேண்டும். ரயிலில் அரை டிக்கெட் வயதைப் பார்த்து, பார்க்கில் உயரத்தைப் பார்த்து. அவர் மகனோ வயதை மீறி வளர்ந்திருந்தான். "கொஞ்சம் குனிஞ்சு நிக்கச் சொல்லட்டுமா தாயி?" என்று அண்ணாச்சி உண்மையாகவே கேட்டார்.

கடைசியில் எழும்பூரில் ஒரு ஓட்டல் சிக்கியது. பாதி வாடகை, சுத்த சைவம், பார்க் டிக்கெட்டிலும் தள்ளுபடி. மற்ற ஓட்டல்கள் கிட்டவே வர முடியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் போய் இறங்கிய காலையிலேயே ஆபீஸ் போன் அலறியது.

"ஏம்மா, ரூமுக்கு ரெண்டு வாளி தண்ணிதான் தருவானாம்! குழாயத் தொறந்தா காத்து வருது. குளிக்காம எப்படிம்மா இட்லி திங்க?"

ஓட்டல் மேனேஜரைக் கூப்பிட்டேன். "கோடையில மெட்ராஸ் இப்படித்தாம்மா. அதுக்குத்தானே பாதி ரேட்டு," என்றார் அலட்டாமல். மற்ற ஓட்டல்களில் அறை இல்லை. முதலாளி பேப்பரை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்க் ஞாபகம் வந்தது. அதே ஓட்டலுக்குப் போன் போட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, பார்க்குல வேணுங்கிற தண்ணி கெடக்கு. துண்டு, மாத்துத்துணியோட நேரா அங்கன போயிருங்க."

"சரி, பாப்போம்," என்று வைத்துவிட்டார். அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் மூட்டை முடிச்சோடு நேரே எங்களிடம்தான் வந்தார்.

"எண்ணெயத் தேச்சுட்டு, சீயக்காயோட அந்த அலையடிக்கிற குளத்துல இறங்கப் போறேன், காவக்காரன் விசில் ஊதுதான்வே!" என்றார் முதலாளியிடம். "பொறவு அவனே ஒரு குழாயக் காட்டி, இங்கன தேச்சுக் கழுவிட்டு வாங்கன்னுட்டான். அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் நான் தண்ணிய விட்டு ஏறலையே!"

"புள்ளைகளே கரையேறிட்டுதுக. இவுகளக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போச்சு," என்றார் மனைவி.

முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். அண்ணாச்சி தொடர்ந்தார்: "எங்க தெருவுல அஞ்சு குடும்பம் போவணுங்காவ. இந்தப் புள்ளையே எல்லாத்தையும் பாக்கட்டும். ஓட்டல் மட்டும் வேண்டாம்வே. ராத்திரி ரயில்ல போயி, பகல் பூரா குளிச்சிட்டு, ராத்திரி ரயில்லயே திரும்பிருதோம்."

எங்கள் லாபமே ஓட்டல் கமிஷன்தான். முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் மனுஷன் வாக்கு மாறவில்லை, எனக்கு வேலை உறுதியானது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் கேட்பதை மட்டும் ஒப்பிட்டால் போதாது. வீட்டில் எது குறைவில்லாமல் கிடைக்கிறதோ, அதைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார். தினமும் ஆற்றில் முங்கி எழுகிறவர், தண்ணீர் வருமா என்று எதற்குக் கேட்கப் போகிறார்? பாளையங்கோட்டையில் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த எனக்கும் அது தோன்றவில்லையே! அதன்பிறகு ரிட்டையர் ஆகும்வரை, எந்த ஊர் ஓட்டலைக் கூப்பிட்டாலும் முதலில் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்வேன். வாடகையை அப்புறம்தான் கேட்பேன்.