ஒன்பது வயதில் பெற்ற பிள்ளை

செல்லத்தாய் அக்கா எங்கள் லைன் வீட்டின் கடைசி அறையில் இருக்கிறார். கணவர் இறந்ததும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவர். இருபத்தைந்து வயதுக்குள் இருந்தால்தான் சேர்ப்போம் என்றது பனியன் கம்பெனி. அக்காவுக்கு அப்போது முப்பது. ஏஜெண்ட் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், இருபத்து மூன்று என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார். இங்கே பலரும் அப்படித்தான் சேர்கிறோம்.

நான்கு வருடம் கழித்து, 2006-ல், மகள் நதியாவை சாமளாபுரம் பக்கம் அதே முதலாளியின் நூல் மில்லில் சேர்த்தார். மூன்று வருட ஒப்பந்தம், விடுதியில் தங்கல். அவளுக்கு வயது பதினைந்து. அதே டாக்டர் பதினெட்டு என்று எழுதினார்.

ஐந்தே மாதத்தில் பஞ்சுத் தூசியில் இருமி இருமி நதியா எலும்பாகிவிட்டாள். அவளைக் கூட்டிவர அக்காவுடன் நானும் போனேன்.

மேனேஜர் தங்கராஜ் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்கம்மா, சர்டிபிகேட்டுல பதினெட்டுன்னு இருக்குதுங்க. மேஜரான புள்ள, அதுவே கையெழுத்துப் போட்டிருக்குது. அம்மா வந்து கேட்டாலும் மூணு வருசம் முடியாம அனுப்ப முடியாதுங்க. டாக்டர் எழுதினா எழுதினதுதானுங்க."

"அப்பம் என் சர்டிபிகேட்டையும் எடுங்க சார். அதே டாக்டர்தான் எழுதுனாரு."

பனியன் கம்பெனி ஃபைல்களும் அந்த ஆபீசில்தான் இருந்தன. கிளார்க் சித்ராதேவி அக்காவின் ஃபைலை எடுத்துக் கணக்குப் போட்டார். இருபத்தேழு.

"எனக்கு இருபத்தேழு, என் மவளுக்குப் பதினெட்டு. அப்பம் நான் ஒம்பது வயசுல பெத்திருக்கேன். நாலாங்கிளாசு டீச்சர்ட்ட பிரசவத்துக்கு லீவு கேட்டிருப்பேனோ?"

சித்ராதேவி சிரித்துவிட்டார். தங்கராஜ் சிரிக்கவில்லை.

"அப்படின்னா நீங்க பெத்த அம்மா இல்லீன்னு ஆகுதுங்க. பெத்தவங்கள வரச் சொல்லுங்க."

இப்படி ஒரு பதில் வரும் என்று அக்காவும் நானும் நினைக்கவில்லை.

"ரெண்டும் பொய் சார். எழுதியே தாரேன்."

"எழுதினா உங்க வேலையும் போயிருமுங்க."

"போவட்டும். பிள்ளைய வரச் சொல்லுங்க."

நான் எழுதினேன், அக்கா கையெழுத்திட்டார். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு இரவு வேலை கொடுப்பது குற்றம்; பதினைந்து என்று எழுத்தில் வந்தபின், இரவு ஷிப்டு ஓட்டும் மில்லில் அவளை வைத்திருக்கத் தங்கராஜுக்கும் பயம். நதியா துணிப்பையோடு வந்தாள். பஸ் நிறுத்தம் வரை நடக்க மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து சாப்பிடச் சொன்னார்கள். அக்காவின் வேலை போனது. வீரபாண்டியில் வேலை கேட்டு அக்கா ஏறி இறங்கிய கம்பெனிகள் எல்லாம், முப்பத்து நாலு என்றதும் வேண்டாம் என்றுவிட்டன.